வந்து சேர்ந்த நேரம்

பிக்ஸ்டன் ஊரில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் இரண்டு வண்டிகள் வரும். ஒன்று சிவப்பு, நகராட்சித் தீயணைப்பு வண்டி. அதில் நாலு பேர், நாலு பேருக்கும் மீசை. இன்னொன்று வெள்ளை, தனியார் கம்பெனியின் ஆம்புலன்ஸ். அதில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் முதுகுவலி. சிவப்பு வண்டிக்காரர்களுக்கு ஸ்டேஷன் உண்டு, சாய்வு நாற்காலி உண்டு, இறைச்சி வாட்ட அடுப்பு உண்டு. வெள்ளை வண்டிக்காரர்களுக்கு பெட்ரோல் பங்க் ஓரம்தான். உட்கார்ந்தபடி தின்று, உட்கார்ந்தபடி தூங்கி, கூப்பிட்டால் ஓட வேண்டும். இரு தரப்பும் படித்த படிப்பு ஒன்றுதான், போடுகிற ஊசியும் ஒன்றுதான். ஆனால் ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் பிள்ளைகள் கையசைப்பது சிவப்பு வண்டிக்கு. வெள்ளை வண்டி கடைசியில் வரும், வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் தூக்கிப் போட்டுக்கொள்ள.

ஃபிலோமினா சில்வேரா அந்த வெள்ளை வண்டியில் மருத்துவ உதவியாளராக இருபத்திரண்டு வருஷம் கழித்துவிட்டாள். வயது ஐம்பத்தொன்று. புருஷன் அனிபல், பால்பண்ணைகளில் கறவை இயந்திரம் பழுது பார்த்தவன். இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தான். ஒரே மகள் கிராசா மாநிலத் தலைநகரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். ரயில் பாதைக்கு மேற்கே, பாதாம் தோட்டங்களை ஒட்டிய ஒன்பதாம் நம்பர் சாலையில் வீடு.

நகராட்சிக்கும் கம்பெனிக்கும் ஓர் ஒப்பந்தம். கூப்பிட்ட எட்டு நிமிடம் ஐம்பத்தொன்பது வினாடிக்குள் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். ஐம்பத்தொன்பதை எந்த மேதை கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை. ஒன்பது நிமிடம் ஆகும் வரை மனிதன் சாவதில்லை என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வண்டியில் ஒரு திரை, திரையில் ஒரு பச்சைப் பட்டன். அதை அமுக்கினால் ‘வந்து சேர்ந்தாயிற்று’ என்று கன்ட்ரோல் ரூமில் நேரம் விழும். சட்டப்படி சக்கரம் நின்ற பிறகு அமுக்க வேண்டும். வழக்கப்படி தெருமுனை திரும்பும்போதே அமுக்குவார்கள். முனை வந்துவிட்டால் வீடு வந்த மாதிரிதானே? அப்படிச் செய்யும்படி கம்பெனி யாருக்கும் சொன்னதில்லை. தாமதமாக அமுக்கியவர்களை மட்டும் மேனேஜர் கர்பி அறைக்குக் கூப்பிட்டு, “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று ஆரம்பிப்பார். அதற்குப் பயந்தே எல்லோரும் முனையில் அமுக்கினார்கள்.

இந்த நிலையில்தான் தீயணைப்புத் தலைவர் ஹார்லன் டட்டிலுக்கு ஆம்புலன்ஸ் மேலும் ஆசை வந்தது. தலைவர் பதவிக்கு அடையாளமாகச் சட்டைக் கழுத்துப் பட்டையில் இரு பக்கமும் ஐந்தைந்து தங்க ஊதுகுழல் குத்திய மனிதர். ஊரில் வீடுகள் முன்போல் தீப்பிடிப்பதில்லை. தீயே இல்லாத ஊரில் ஊதுகுழலை எத்தனை நாள் துடைத்துக்கொண்டிருப்பது? நோயாளியை ஏற்றிப் போகும் வேலையையும் தங்களிடமே தர வேண்டும் என்று நகர மன்றத்தில் மனு வைத்தார். கம்பெனி சும்மா இருக்குமா? ஜனவரி முதல் வாரக் கூட்டத்துக்கு ஃபிலோமினாவை அனுப்பினார்கள். முகம் சாதுவாக இருக்கும், பேச்சு நேராக இருக்கும் என்பதால்.

அவள் ஒலிபெருக்கி முன் நின்று நெஞ்சில் கை வைத்தே சொன்னாள்: “எங்க நேரம் சுத்தமான நேரம். நாங்க வந்துட்டோம்னு சொன்னா வந்துட்டோம்.”

பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த மூன்றாம் நம்பர் தீயணைப்பு வண்டியின் கேப்டன் வெஸ்லி ஹக்கபி, மீசைக்குள் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு வீடு வரை உறுத்தியது.

“நீ சொன்னது பொய்தானே?” என்றான் அனிபல் அன்று சாப்பிடும்போது. ரொட்டித் துண்டுகள் மேல் புதினா போட்ட மாட்டுக்கறிச் சாறை ஊற்றிக்கொண்டிருந்தான்.

“பொய்யில்ல. அரை நிமிஷம் முன்னப்பின்ன இருக்கும்.”

“அரை நிமிஷத்துல நான் ஒரு மாட்டையே மெஷின்ல மாட்டிருவேன்.”

“நீ மாட்டுக்கு ஒப்பந்தம் போட்டியா? பேசாம சாப்பிடு.”

அடுத்த புதன்கிழமை காலை மூடுபனி. அந்தப் பள்ளத்தாக்கின் ஜனவரிப் பனி, தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்து எதிரே நிற்கிற மாட்டைக்கூட மறைத்துவிடும். ஊருக்குக் கிழக்கே பங்க் ஓரத்தில் நின்ற வண்டியில் ஃபிலோமினாவும் ஓட்டுநர் டுவேனும். டுவேன் முன்னாள் லாரிக்காரன், நாற்பது வயதுக்குள் மூன்று கல்யாணம் முடித்தவன்.

ஏழு நாற்பத்துமூன்றுக்குத் திரை ஒலித்தது.

“ஃபில், இது உங்க வீட்டு அட்ரஸ்.”

“எங்க வீட்டு அட்ரஸ் எனக்குத் தெரியும் டுவேன். வண்டியை எடு.”

திரையில் இருந்தது: ஆண், அறுபத்துமூன்று, லேசான தலைசுற்றல், அவசரமில்லை என்கிறார்.

“அவசரமில்லங்கிறாரே.”

“வீடு பத்தி எரிஞ்சாலும் அவருக்கு அவசரமில்லதான். நீ மிதி.”

அனிபல் அப்படிச் சொன்னதற்கும் காரணம் அவள்தான். இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் அவன் கேட்டதெல்லாம் சுண்டுவிரல் வலிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர்களின் கதை. ஊர் உலகத்தைத் தொந்தரவு செய்யாத நோயாளியாக அவன் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தான். போனை எடுத்த பெண்ணிடம், “கை காலியா இருக்கிறவங்க யாராவது வந்தாப் போதும்மா” என்று சொல்லியிருக்கிறான். அதனால் கன்ட்ரோல் ரூமில் அது சின்னக் கேஸ் ஆயிற்று. சின்னக் கேஸுக்கு ஒரு விதி உண்டு. இரண்டு வண்டியும் புறப்படும், எது முதலில் வந்து சேர்கிறதோ அது இருக்கும், மற்றது திரும்பிப் போகும்.

மூன்றாம் நம்பர் தீயணைப்பு ஸ்டேஷன் ரயில் பாதைக்கு மேற்கே இருந்தது, வீடு இருந்த பக்கத்திலேயே. பனி இல்லாவிட்டால் நாலே நிமிடம்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு டுவேன் ஒன்பதாம் நம்பர் சாலை முனையில் திரும்பினான். ஃபிலோமினாவின் விரல் பச்சைப் பட்டனை அமுக்கியது. அவள் அமுக்கவில்லை, விரல் அமுக்கியது என்று பின்னால் பல நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எட்டு நிமிடம் நாற்பது வினாடி. கம்பெனிக்குத் திருப்தி.

கன்ட்ரோல் ரூம் பெண் ஒலிவாங்கியில் சொன்னாள்: “பன்னிரண்டாம் நம்பர் ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. மூணாம் நம்பர், நீங்க திரும்பலாம்.”

ஹக்கபியின் குரல்: “சரி. திரும்புறோம்.”

அப்போதுதான் முன்னால், அவர்களுக்கும் வீட்டுக்கும் நடுவே, பனிக்குள், ரயில் கேட்டின் மணி அடித்தது.

சரக்கு வண்டி. எண்ணெய் டாங்கிகள், தானியப் பெட்டிகள், முடிவே இல்லாமல். மெதுவாக உருண்டது. பிறகு இன்னும் மெதுவாக.

“ஃபயர் எஞ்சினைத் திரும்பக் கூப்பிடலாமா ஃபில்? அவங்க அந்தப் பக்கம்தானே இருக்காங்க.”

அவள் மைக்கைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. அதில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். ‘நாங்கள் இன்னும் வந்து சேரவில்லை’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நெஞ்சில் கை வைத்துப் பேசி ஏழு நாள் ஆகியிருந்தது. கேட்கப்போகிறவன் ஹக்கபி.

“ரெண்டு நிமிஷத்துல போயிடும்” என்றாள்.

“போகுமா?”

“தலைசுத்தல்தானே. ரெண்டு நிமிஷம்.”

மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே மற்றக் கையால் அனிபலைக் கூப்பிட்டாள். எடுத்தான். பேசினான். பிறகு பேசவில்லை. இணைப்பு அறுபடவில்லை, குரல் மட்டும் இல்லை. அந்த நேரம் பார்த்து ரயில் ஒரேயடியாக நின்றது.

ஐம்பத்தொரு வயதுக்காரி, தோளில் பையோடு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கொக்கி மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். முழங்கால் கிழிந்தது. பனியில் ஓடினாள். அவள் வீட்டு வாசலைத் தொட்டபோது ஏழு ஐம்பத்தேழு.

கார் கொட்டகையில் இல்லை, சாலை ஓரத்தில் நின்றது. ஆம்புலன்ஸ் பின்னோக்கி வரத் தோதாக அவனே எடுத்து வெளியே விட்டிருக்கிறான். நாயைப் பின்கட்டில் கட்டியிருந்தான். கதவு விரியத் திறந்திருந்தது. வாசலுக்கு உள்ளே ஒரு நாற்காலியில், ஷூ போட்டு, நாடா கட்டி, மாத்திரைக் குப்பிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் விரும்புகிற மாதிரியான நோயாளி. மூச்சு மட்டும் இல்லை.

தரையில் இழுத்துப் போட்டு நெஞ்சை அமுக்கினாள். ரயில் நகர்ந்து டுவேன் வந்து சேரும் வரை தனியாக அமுக்கினாள். ஆஸ்பத்திரியில் எட்டரைக்கு நிறுத்தச் சொன்னார்கள்.

அறிக்கை அவள்தான் எழுத வேண்டும். ‘நோயாளியிடம் சென்ற நேரம்’ என்ற கட்டத்தில் ஏழு ஐம்பத்துமூன்று என்று எழுதினாள். டுவேன் எட்டிப் பார்த்தான், வெளியே போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான்.

மகள் தலைநகரிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டி வந்தாள். காரிலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: “நீதான் போனியாம்மா? நீ அவரு பக்கத்துல இருந்தியா?”

“இருந்தேன் கண்ணு.”

“பேசினாரா?”

“என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. உன் பேரைச் சொன்னாரு. கிராசாகிட்ட நான் அவ மேல உசிரையே வெச்சிருந்தேன்னு சொல்லுன்னாரு.”

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. நீண்ட மேசைகளில் அண்டா அண்டாவாகக் கறிச்சாறும் இனிப்பு ரொட்டியும். கிராசா மேசை மேசையாகப் போய் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். மூன்றாவது மேசைக்குப் போகும்போது அந்தக் கதையில் அனிபல் புன்னகை செய்திருந்தான். ஏழாவது மேசையில் அவன் ஜெபமும் சொல்லிவிட்டான். பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உயிரோடு இருந்தவரை அனிபல் கோவிலுக்குப் போனதெல்லாம் அங்கே குளிரூட்டும் பெட்டி பழுதானபோது மட்டும்தான்.

ஃபிலோமினா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

இரண்டாம் வாரம் கர்பி வந்தார். கம்பெனிச் சின்னம் பொறித்த மலர்வளையத்தோடு. “நாமெல்லாம் ஒரே குடும்பம், ஃபிலோமினா. உங்க ரெக்கார்ட் கண்ணாடி மாதிரி இருக்கு. ஏழு ஐம்பத்திரண்டு. வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. நீங்க வந்து நின்னாப் போதும். ஒரு மனைவி, சொந்தப் புருஷனுக்கே நேரத்தோட போய்ச் சேர்ந்தவ. எதிர்த்து யாரு பேசுவான்?”

மறுநாள் தலைவர் டட்டில் வந்தார். தீயணைப்பு வீரர்களின் மனைவிமார் செய்த கோழி பதார்த்தத்தை ஒரு வீரர் பின்னால் ஏந்தி வந்தார். தலைவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார். மௌனத்தையும் அவர் உரத்தே செய்வார். “ரயில்வேக்காரங்ககிட்ட கேட்டோம் மேடம். அந்த கேட் ஏழு ஐம்பத்திரண்டுலேருந்து எட்டு மணி வரைக்கும் மூடித்தான் இருந்திருக்கு. உங்க மேல எங்களுக்கு ஒரு குத்தமும் இல்ல. குத்தம் அந்தக் கம்பெனி மேல. உண்மையைச் சொல்லுங்க. நாளைக்கு ஆம்புலன்ஸ் எங்க கைக்கு வந்தா, உங்களுக்கு அதுல ஒரு இடம் உண்டு.”

“சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி ஸ்டேஷனுக்கு அனுப்பிடறேன்” என்றாள் ஃபிலோமினா.

அன்று மாலை ஹக்கபி தனியாக வந்தான். சீருடை இல்லை. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. வாசல்படியில் நின்று நாற்காலி இருந்த இடத்தையே பார்த்தான்.

“தலைவர் வந்தாரா?”

“வந்தாரு. கோழியோட.”

“அவருக்கு ஒண்ணு தெரியாது. நான் சொல்லல. கன்ட்ரோல் ரூம் திரும்பச் சொன்னப்போ நாங்க வால்நட் உலர்த்துற கொட்டகைகிட்ட இருந்தோம். உங்க வாசல் விளக்கு பனியில மஞ்சளாத் தெரிஞ்சுது.”

அவள் வாசல் விளக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க ஆளுங்க முனையிலேயே அமுக்குறது எங்களுக்குப் பத்து வருஷமாத் தெரியும் ஃபில். அன்னைக்கும் தெரியும். ரயில் சத்தமும் கேட்டுச்சு. இருந்தும் திரும்பினேன்.”

“ஏன்?”

“சின்னக் கேஸ். அடுப்புல பான்கேக் மாவு இருந்துச்சு. அதோட, உங்க பொய் உங்க தலையிலேயே விடியட்டும்னு ஒரு நினைப்பும் இருந்துச்சு. யாரு வீடுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா...”

“யாரு வீடா இருந்தா என்ன?”

“ஆமா. அதுதான். யாரு வீடா இருந்தா என்ன.” மீசையைத் துடைத்துக்கொண்டான். “நீ வியாழக்கிழமை சொன்னா, நானும் எந்திரிச்சு சொல்றேன். நீ சொல்லலைன்னா எனக்கும் துணிச்சல் வராது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அவன் போன பிறகு அவள் சமையலறைக்குப் போனாள். கிராசா அப்பாவின் சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஃபிலோமினா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முனை, விரல், கேட், மைக். “விரல் தெரியாம அமுக்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம். மைக்ல பேசாதது நான்தான். எனக்கு வெக்கமா இருந்துச்சு.”

மகள் சட்டையை மடிப்பதை நிறுத்தவில்லை. “அப்ப கையைப் பிடிச்சது?”

“இல்ல.”

“என் பேரைச் சொன்னது?”

“இல்ல கண்ணு.”

“எத்தனை நிமிஷம்?”

“அஞ்சு.”

கடைசிச் சட்டையின் பொத்தானைப் போட்டாள். “அங்க போய்ச் சொல்லாத” என்றாள். “என்கிட்டச் சொல்லிட்டல்ல, போதும். ஊர்ல எல்லார்கிட்டயும் நான் சொல்லியிருக்கேன். அவங்களுக்காவது அவரு அப்படியே செத்திருக்கட்டும். சொல்லாதம்மா.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசவில்லை. கிராசா கடையிலிருந்து வாங்கி வந்த எதையோ தன் அறையில் தின்றாள். ஃபிலோமினா கோழியைத் தொடவே இல்லை.

வியாழக்கிழமை நகர மன்றக் கூடத்தில் இடப்பக்கம் முழுக்க நீலச் சீருடை, வலப்பக்கம் கம்பெனி கொடுத்த ஒரே நிறப் பனியன். ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். பேசுகிறவர் முகத்துக்கு நேரே சிவப்பு எண்களில் நேரம் குறைந்துகொண்டு வரும். மன்றத் தலைவியம்மாள் அனிபலின் பெயரைத் தப்பாக உச்சரித்து அனுதாபம் தெரிவித்தார். கர்பி தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினார். டட்டிலும் அதையே செய்தார்.

“போன தடவை இங்க நின்னு எங்க நேரம் சுத்தமான நேரம்னு சொன்னேன்” என்றாள் ஃபிலோமினா. “அது பொய். ஏழு ஐம்பத்திரண்டுக்கு நான் முனையில இருந்தேன். ஏழு ஐம்பத்தேழுக்குத்தான் வீட்டுல.”

இடப்பக்கம் ஒரு கைதட்டல் தொடங்கியது.

“தட்டாதீங்க. இன்னும் முடிக்கல. கேட் மூடினதும் ஃபயர் எஞ்சினைக் கூப்பிட்டிருக்கலாம். மைக் என் கையில இருந்துச்சு. உங்க முன்னால பொய்க்காரியாக வேண்டாம்னு கூப்பிடல. கம்பெனி என் வாயைப் பொத்தல. நானே பொத்திக்கிட்டேன்.”

எண்களில் இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அவளிடம் சொல்ல வேறொன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டாள்.

ஹக்கபி எழுந்தான். வால்நட் கொட்டகை, மஞ்சள் விளக்கு, பான்கேக், எல்லாவற்றையும் சொன்னான். டட்டிலின் முகம் அவருடைய வண்டியின் நிறத்துக்கு வந்தது. இடப்பக்கமும் தட்டவில்லை, வலப்பக்கமும் தட்டவில்லை. இரண்டு கட்சிக்கும் உதவாத உண்மையை என்ன செய்வதென்று மன்றத்துக்குத் தெரியவில்லை. ஆராய ஒரு குழு போட்டார்கள். ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அடுத்த பொருளான பூங்கா பெஞ்சுகளுக்குப் போனார்கள்.

வெளியே பனி இறங்கியிருந்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் கிராசா தன் காரில் சாய்ந்து நின்றாள். கடைசி வரிசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“சொல்லிட்ட.”

“சொல்லிட்டேன்.”

“நான் வேண்டாம்னு சொன்னேன்.”

“ஆமா.”

கிராசா கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

“போன்ல பேசினாருன்னியே. நிஜமா என்ன சொன்னாரு? அதையும் ஜோடிக்காத.”

“எங்க இருக்கேன்னு கேட்டாரு. ரயில்கிட்டன்னேன். சத்தம் எனக்கும் கேக்குது, மெதுவா வா, அவசரமில்லன்னாரு. ஃபயர் வண்டிச் சத்தம் கிட்ட வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு, வேற யாருக்கோ போல, பாவம்னாரு.”

கிராசா கண்ணை மூடிக்கொண்டாள். “அப்புறம்?”

“அப்புறம் காரை ரோட்டுல விட்டுட்டேன், சாவி அதுலயே இருக்கு, எவனாவது எடுத்துட்டுப் போயிடப் போறான், வர்றப்ப பாத்து எடுத்துட்டு வான்னாரு.”

“சாவியா?”

“சாவிதான். அதுதான் கடைசி.”

கிராசாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்றும் சொல்லலாம். கார் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நெடுநேரம் கழித்து நிமிர்ந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

“உசிரையே வெச்சிருந்தேன்னு அவரு சொன்னதா நீ சொன்னப்பவே ஒரு மாதிரி இருந்துச்சும்மா. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், ஆனா ராத்திரியில படுத்தா அந்தக் குரல் எனக்குக் கேக்கவே இல்ல. யாரோ வேற ஆளு செத்த மாதிரி இருந்துச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “இது கேக்குது.”

ஃபிலோமினா ஓரடி முன்னால் வைத்தாள். “குளிருது. வீட்டுக்குப் போலாம் வா கண்ணு.”

“இல்லம்மா.” மகள் கார்க் கதவைத் திறந்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “நான் ஹைவே ஓட்டல்ல தங்கிட்டு காலையில கிளம்பறேன். இப்ப அந்த வாசல் வழியா என்னால உள்ள வர முடியாது.”

வண்டி பின்னோக்கி வந்து திரும்பியது. வால் விளக்குகள் இரண்டும் கொஞ்சதூரம் சிவப்பாகத் தெரிந்தன, பிறகு பனி மூடிக்கொண்டது. கூடத்துக்குள் இன்னும் பெஞ்சுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மரத்தில் செய்வதா இரும்பில் செய்வதா என்று யாரோ உரக்கக் கேட்டது வெளியே நின்றவளுக்குத் தெளிவாகக் கேட்டது.